மொட்டைத் தொப்பியின் மேல் நாகச் செதில்: எந்த வழி எந்த மேடைக்கு?

யாழ்ப்பாணத்தில் நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் ஒப்பனை செய்துவரும் என்னிடம், மனிதத் தலையைப் பாம்பின் தலையாகவோ உடும்பின் தலையாகவோ மாற்றித் தரும்படி கேட்டு ஆண்டுக்கு ஓரிரு தடவையாவது யாரேனும் வருகிறார்கள். இந்த முறை வந்தவர்கள் நாடகம் பயிலும் மாணவர்கள். வேடம் நாகராசன், நடிகர் ஒருவர், முதலில் மேடையில் இரண்டு இரவுகள், ஒரு மாதம் கழித்து அதே வேடம் குறும்படத்தில். கையில் இருந்த பணமோ கொஞ்சம். "அண்ணை, பாம்பு மாதிரித் தெரிஞ்சாக் காணும்" என்றார் அவர்களில் ஒருவர். பத்தாவது வரிசையில் இருப்பவருக்குப் பாம்பாகத் தெரிவது வேறு, ஒரு முழத் தூரத்தில் நிற்கும் கமெராவுக்குப் பாம்பாகத் தெரிவது வேறு என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவதற்கு, வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவதே நல்லது என்று நினைத்தேன்.

ஆகவே மூன்று வாரங்களில் நான்கு லேற்றெக்ஸ் மொட்டைத் தொப்பிகளை, அதாவது தலைமயிரை மூடி மொட்டைபோலக் காட்டும் ஒப்பனைத் தொப்பிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு முறையில் செதில் உண்டாக்கி, உலரவைத்து, நடிகரின் தலையில் மாட்டி, அவர் நன்றாக வியர்க்கும்வரை முற்றத்தில் நடக்கவிட்டுப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டில் நான் கண்டதை, இதே தெரிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். என் முடிவின் அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடலாம்: செதிலின் அழகைப் பார்த்து முறையைத் தெரிவு செய்யக்கூடாது, செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே அந்த முறை எவ்வளவு மெல்லிய இடத்தை விட்டுவைக்கிறது என்பதைப் பார்த்தே தெரிவு செய்யவேண்டும்.

முதலில் தொப்பியைப் பற்றி. மொட்டைத் தொப்பிகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் கிடைக்கின்றன: ஒன்று லேற்றெக்ஸ், அதாவது இறப்பர்ப் பாலிலிருந்து செய்தது, மற்றது வைனில் பிளாஸ்ரிக். வெறும் மொட்டைத் தலை வேண்டுமென்றால் நான் தயங்காமல் வைனிலையே எடுப்பேன், ஏனெனில் அதன் விளிம்பை அசற்றோன் தொட்ட பஞ்சினால் ஒற்றிக் கரைத்து, நெற்றித் தோலோடு தோலாக மறையச் செய்யலாம். லேற்றெக்ஸ் அசற்றோனில் அப்படிக் கரையாது. விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பக்க வெளிச்சத்தில் ஒரு கோடு தெரியும். ஆனால் செதில் வேடத்தில் அந்தக் கோட்டின் மேலேயே செதில் வரிசை ஓடப்போகிறது. அதனால் லேற்றெக்ஸின் பெருங்குறை இங்கே குறையாகாமல் போய்விடுகிறது. அதோடு இறப்பர்ப் பால் இறப்பரோடு நன்றாகப் பிடிக்கும். வைனிலோடு அவ்வளவு நம்பிக்கையாகப் பிடிக்காது. எனவே செதில் வேடத்துக்கு லேற்றெக்ஸ் தொப்பி என்பதில் எனக்கு ஐயமில்லை. கடையில் கிடைக்கும் விளையாட்டுத் தொப்பிகள் தடித்தவை. மாதிரித் தலையின் மேல் நாமே உச்சியில் ஆறு முதல் எட்டுப் படலம், விளிம்பில் இரண்டு மூன்று படலம் என்று பூசிச் செய்யும் தொப்பியே இந்த வேலைக்குச் சரியானது. பால் வாங்கும்போது, முன்னரே வல்கனைசு செய்யப்பட்டதா, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அப்படிச் செய்யப்படாத பால் உலர்ந்த பின்னும் பிசுபிசுத்து, இலகுவில் கிழியும்.

இனி அந்த மெல்லிய இடத்தைப் பற்றி. பாம்பு கழற்றிவிட்ட சட்டை ஒன்று வேலியோரத்தில் கிடைத்தால், அதை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். செதில்கள் விரிவதில்லை. அவற்றுக்கு நடுவே மடிந்து கிடக்கும் மெல்லிய தோல்தான் விரிகிறது. தன் வாயைவிடப் பெரிய இரையைப் பாம்பு விழுங்கும்போது உடல் அகன்று கொடுப்பதும் இந்த நடுத்தோலினால்தான். நாம் தொப்பியில் செய்ய வேண்டியதும் இதுவே: செதில் தடிப்பாக இருக்கலாம், ஆனால் தொப்பியின் மெல்லிய இறப்பர் செதில்களுக்கிடையில் கோடுகோடாகத் திறந்திருக்க வேண்டும். திறந்திருக்காவிட்டால் தொப்பி இழுபடாது. இழுபடாத தொப்பி நடிகர் புருவத்தை உயர்த்தியவுடன் பின்கழுத்தில் கிளம்பிவிடும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். என்னிடமிருந்த மாதிரித் தலையின் சுற்றளவு 54 சென்ரிமீற்றர். நடிகரின் தலை 57. முதல் தொப்பியில் 54 சென்ரிமீற்றர்த் தலையின் மேலேயே செதில்களை நெருக்கி வைத்து முடித்துவிட்டேன். நடிகருக்கு மாட்டியபோது தொப்பி நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு விரிய வேண்டியிருந்தது. அடித்தளம் விரிந்தது, செதில்கள் விரியவில்லை; ஒவ்வொரு செதிலின் ஓரமும் காய்ந்த புண்ணின் பொருக்குப் போல எழுந்து நின்றது. அதன் பின்னர் மாதிரித் தலையில் மெல்லிய பொலித்தீன் தாளைச் சுற்றி, அதன் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, 58 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். நடிகரின் தலையைவிட ஒரு சென்ரிமீற்றர் பெரிய தலையின் மேல், தொப்பி இழுபட்ட நிலையிலேயே செதில் வைத்தால், மாட்டும்போது செதில்கள் ஒன்றையொன்று சற்று நெருங்குமே தவிர விலகிக் கிளம்பா. கீழே வரும் முறைகளில் எதை எடுத்தாலும் இந்த ஒரு காரியத்தை விட்டுவிடாதீர்கள்.

முதலாவது முறை, வலை வழியாக நிறம் பூசுவது. வலைக் காலுறையைத் தொப்பியின் மேல் இழுத்துக் கட்டி, அதன் கண்களுக்குள்ளால் பஞ்சுத் துண்டினாலோ காற்றுத் தூரிகையாலோ நிறத்தை ஒற்றினால், வலையை எடுத்தவுடன் சாய்சதுரச் செதில்கள் வரிசையாக விழுந்திருக்கும். காலுறைக்குப் பதிலாக வெங்காயம் விற்கும் வலைப்பையிலும், பாசையூரில் ஒருவரிடம் கேட்டு வாங்கிய நைலோன் மீன்வலைத் துண்டிலும் செய்து பார்த்தேன். மீன்வலைதான் மிக நன்றாக வந்தது. வலையை நெடுக்காக இழுத்தால் கண்கள் ஒடுங்கி நீளும். குறுக்காக இழுத்தால் அகன்று தட்டையாகும். ஆகவே நெற்றிப் பக்கம் குறுக்காகவும் பிடரிப் பக்கம் நெடுக்காகவும் இழுத்து ஊசி குத்திவைத்தால், ஒரே வலையிலிருந்து, தலையிலிருந்து கழுத்துக்குப் போகப்போக வடிவம் மாறும் செதில்கள் கிடைக்கின்றன. முடிச்சு இருக்கும் இடத்தில் ஒரு சிறு புள்ளி நிறம் விழாமல் நிற்பதும் இயல்பாகவே இருக்கிறது. வேலை முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. தொப்பியின் நெகிழ்ச்சி சிறிதும் குறையவில்லை. ஆனால் தொட்டால் தட்டை; விளக்கு பக்கவாட்டில் வந்தால் தட்டை என்பது கண்ணுக்கும் தெரிந்துவிடும். ஒரு மாலைக்குள் வேடம் முடியவேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கூடுதல் நேரமுள்ளவர்கள் இதனோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஏதேனும் ஒரு பொருளைத் தொப்பியில் ஒட்டி மேலே இறப்பர்ப் பால் பூசுவது. இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, ஏனெனில் இதை எவருக்கும் நான் சொல்லமாட்டேன். மைசூர்ப் பருப்பை வரிசையாக ஒட்டி, மேலே பால் பூசி, இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்த்தபோது, பாலிலுள்ள தண்ணீரைக் குடித்துப் பருப்பு ஊதியிருந்தது. உலர்ந்தபோது சுருங்கி, தன் குழிக்குள்ளேயே கிலுகிலுத்தது. கொடுவா மீனின் செதிலைக் கழுவிக் காயவைத்து ஒட்டினால் ஒளி ஊடுருவும் அழகு ஒன்று வருகிறது என்பதை மறுக்கமுடியாது, ஆனால் ஓரம் கூரியது, மெல்லிய தொப்பியை வெட்டுகிறது, எறும்பும் வருகிறது. விறைப்பான எந்தப் பொருளுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது முறை சொட்டுச் செதில். தடிப்பாக்கிய இறப்பர்ப் பாலை ஒவ்வொரு சொட்டாகத் தொப்பியின் மேல் வைத்து, சொட்டையே செதிலாக உலரவிடுவது. மருந்துக் கடையில் வாங்கிய 5 மில்லிலீற்றர் ஊசிக் குழாயை ஊசியில்லாமல் பயன்படுத்தலாம். அதைவிட, கலியாண வீடுகளில் மருதாணி போடுபவர்கள் சுருட்டும் பொலித்தீன் கூம்பு கைக்கு அடங்கி வருகிறது. கூம்பின் நுனியை வெட்டும் அளவே செதிலின் அளவு. நுனியில் பால் உலர்ந்து அடைக்கும்போது, அதைப் பிதுக்கித் தள்ளாமல், நூல்போல நகத்தால் பிடித்து இழுத்து எடுத்துவிட வேண்டும். பிதுக்கினால் பெருஞ்சொட்டு ஒன்று விழுந்து வரிசையைக் கெடுத்துவிடும்.

பாலைத் தடிப்பாக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். அமிலம் எதுவும் சேர்க்கக்கூடாது. இறப்பர்த் தோட்டங்களில் பாலை உறையவைப்பதற்கே அமிலம் விடுகிறார்கள். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விட்டால் பால் தடிக்காது, தயிர் திரைவதுபோலக் கட்டியும் நீருமாகப் பிரிந்துவிடும். இறப்பர்ப் பாலுக்கென்று விற்கப்படும் தடிப்பாக்கி கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. கிடைக்காதபோது, அகன்ற தட்டில் பாலை ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, மேலே ஆடை படியாதபடி அடிக்கடி மெதுவாகக் கிளறிக்கொண்டிருந்தால், தண்ணீர் குறைந்து பால் தானாகவே தேனளவுக்கு வருகிறது. பித்தளை, செப்புப் பாத்திரம் வேண்டாம். செம்பு இறப்பரைச் சீக்கிரம் பழுதாக்கும். கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ போதும்.

விற்பனைக்கு வரும் செறிவூட்டிய பாலில் ஏறத்தாழ 60 சதவீதம் இறப்பர், எஞ்சியது பெரும்பாலும் தண்ணீர். ஆகவே சொட்டு உலரும்போது கண்முன்னே அமிழும். 2 மில்லிமீற்றர் உயரச் செதில் வேண்டுமானால் அதைவிட உயரமாகவே வைக்க வேண்டும், அல்லது முதற்சொட்டு உலர்ந்தபின் அதன் உச்சியில் இன்னொன்று வைக்க வேண்டும். உலர்ந்ததா என்பதைச் சொட்டின் நிறமே சொல்லும். வைத்தவுடன் அது பால் வெள்ளை. மேற்பரப்பு உலர்ந்தும் உள்ளே ஈரம் இருக்கும்போது, ஓரம் மஞ்சளித்துத் தெளிந்திருக்க, நடுவில் நுங்கின் கண்போல ஒரு கலங்கிய வெண்மை நிற்கும். அந்த வெண்மை முற்றாக மறைந்து சொட்டு முழுவதும் தேன்நிறமாகும்வரை தொப்பியைத் தொடக்கூடாது. என் தொப்பியில் அதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின.

உழைப்பைக் கணக்கிட்டால் இது கடினமான முறை. செதிலின் மையத்திலிருந்து அடுத்த செதிலின் மையத்துக்கு 6 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஏறத்தாழ 600 சதுர சென்ரிமீற்றர் பரப்புக்கு 1,600 சொட்டுகள் வேண்டும். சொட்டுக்கு நான்கு செக்கன் என்றாலும், கையும் கண்ணும் ஓய்ந்து எழும்பும் நேரத்தைச் சேர்த்தால் மூன்று மணித்தியாலம். ஆனால் பலன் பெரிது. ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக நிற்பதால் இடைவெளி தானாகவே அமைகிறது; 1 மில்லிமீற்றர் கோடு எங்கும் திறந்திருக்கிறது; நடிகர் நெற்றியைச் சுருக்கினால் செதில்கள் ஒன்றுசேர்ந்து நெருங்கி, தளர்த்தினால் விலகுகின்றன. கமெராவின் முன் அந்த அசைவுதான் உயிர். வியர்வையில் நடந்து திரும்பிய பின்னரும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை, ஏனெனில் இறப்பரோடு இறப்பர் ஒன்றாகிவிட்டது.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். சொட்டு எப்போதும் உருண்டைதான். உடும்பின் முதுகிலும் தலையிலும் இருப்பவை மணிமணியான, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத செதில்கள்; எனவே உடும்புக்குச் சொட்டு அப்படியே பொருந்துகிறது. புடையனுக்கும் ஓரளவு சரிவரும், ஏனெனில் அதன் தலையுச்சி முழுவதும் சின்னஞ்சிறு செதில்களே. ஆனால் நாகபாம்பின் தலையுச்சியில் இருப்பவை சிறு செதில்கள் அல்ல. இருபக்கமும் ஒத்து அமைந்த ஒன்பது பெரிய தகடுகள். நாகர்கோவிலிலும் நயினாதீவிலும் நாகத்தை வணங்கி வளர்ந்த மக்கள் நாங்கள். தகடுகளை யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள், ஆனால் மணிமணியான தலையைக் கண்டால் அது நாகம் இல்லை என்று கண் சொல்லிவிடும். மாணவர்கள் கேட்டது நாகராசன். ஆகவே சொட்டு முறையால் மட்டும் அந்தத் தலையை முடித்திருக்க முடியாது.

அங்கேதான் நான்காவது முறையான அச்சுச் செதில் வருகிறது. சட்டி பானை வனையும் களிமண்ணை விரல் தடிப்பில் பலகைபோலத் தட்டி, அதன் மேல் மெல்லிய பொலித்தீன் தாளை விரித்து, தாளின் மேலாலேயே மரக்குச்சியால் தகடுகளின் எல்லைகளை அழுத்தி வரைய வேண்டும். தாள் இடையில் இருப்பதால் கோட்டின் ஓரம் சிதறாமல் உருண்டு வருகிறது. தாளில்லாமல் நேராகக் கீறினால் ஓரம் கிழிந்து, வெட்டியதுபோலத் தெரியும். பின்னர் தாளை எடுத்து, சுற்றிவரக் களிமண்ணால் மதில் கட்டி, பிளாஸ்ரர் ஒவ் பரிசைக் கரைத்து ஊற்றலாம். அது இறுகும்போது சூடேறும், பயப்பட வேண்டாம். ஆனால் கையையோ முகத்தையோ அதற்குள் வைத்து அச்செடுக்க முயலவும் வேண்டாம். இறுகிய அச்சைக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, உள்ளே இறப்பர்ப் பாலை மூன்று நான்கு படலம் பூசி, உலர்ந்தபின் ஒட்டிக்கொள்ளாதபடி மாப்பூசி (பவுடர் தூவி) உரித்தால் தகடு கையில் வரும். பிளாஸ்ரர் பாலிலுள்ள தண்ணீரை உறிஞ்சுவதால் படலம் விரைவில் இறுகுகிறது. அச்சில் வசலின் பூசாதீர்கள்: பிளாஸ்ரரின் துளைகளும் அடைபடும், அந்த எண்ணெய் இறப்பரையும் கெடுக்கும்.

மேற்பரப்பில் கரடுமுரடு வேண்டுமென்றால், அது நம் வளவுகளிலேயே இருக்கிறது. சீத்தாப்பழத்தின் தாவரவியற் பெயர் அனோனா ஸ்குவமோசா. இரண்டாவது சொல்லுக்குச் செதிலுள்ளது என்றே பொருள். நன்றாகப் பழுக்காத ஒரு காயைக் களிமண்ணில் உருட்டி அழுத்தினால் குழிகள் விழும். களிமண் சற்று இறுகியபின் அந்தக் குழிகளிலேயே நேரடியாகப் பாலைப் பூசி உரித்தால், பிளாஸ்ரர் இல்லாமலே ஒரு துண்டுச் செதில் கிடைக்கும். பலாக்காயின் தோல் இன்னும் கூர்மையானது; பாகற்காய் முதலையின் முதுகுக்குப் பொருந்துகிறது. களிமண் அச்சு ஒன்றிரண்டு துண்டுகளுக்கு மேல் தாங்காது, பிளாஸ்ரர் அச்சோ பல தொப்பிகளுக்கு வரும். மாணவர்களுக்கு இரண்டையும் காட்டினேன். அவர்கள் முகம் மலர்ந்தது சீத்தாக்காயைப் பார்த்துத்தான்.

அச்சுச் செதிலின் ஆபத்து அதன் பரப்பில் இருக்கிறது. உச்சி முழுவதையும் ஒரே தாளாக வார்த்து ஒட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி ஒட்டினால் தொப்பியின் அந்தப் பகுதி இழுபடும் தன்மையை இழக்கிறது. நான் பொருக்கைப் பற்றிச் சொன்னேனே, அதுவே பெரிய அளவில் நடக்கும். தகடுகளைத் தனித்தனியே வெட்டி, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் 2 மில்லிமீற்றர் விட்டு, பாலையே பசையாக்கி ஒட்டவேண்டும். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் அச்சுக்கு வெளியே சற்று மெலிதாகப் பால் பூசிவைத்திருந்தால், அந்த மெல்லிய ஓரம் தொப்பியோடு அடங்கிவிடும். எடையும் கவனிக்க வேண்டியது: தகட்டை முழுக்க நிரப்பி வார்க்காமல், உள்ளே குழிவாக விட்டு வார்த்தால் நடிகருக்குப் பாரம் தெரியாது.

வேறு இரண்டு வழிகளைச் சிலர் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் சொட்டு வைப்பது விரைவானது, ஆனால் அந்தப் பசை தொப்பியோடு சேர்ந்து இழுபடாது, ஒரு மணித்தியாலத்தில் உரிந்து விழும், சூடு மெல்லிய தொப்பியைப் பழுதாக்கும். ஜெலற்றின் செதில் குளிர்நாடுகளில் அழகாக நிற்கலாம்; சித்திரை வெயிலிலோ மேடை விளக்கின் கீழோ அது இளகத் தொடங்கிவிடும்.

நம் ஊரின் தண்ணீரையும் காற்றையும் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்கமுடியாது. இலங்கையில் இறப்பர் 1876ஆம் ஆண்டு கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தாவரவியற் பூங்காவில் முதன்முதலாக நடப்பட்டது. இன்றும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி போன்ற ஈரவலயப் பகுதிகளே அதன் இடம். எங்களுடைய சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு அந்தப் பால் கலனில் அடைபட்டுத்தான் வந்துசேர்கிறது. தொப்பி விளிம்புக்காக அதை ஐதாக்கும்போது கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல்சியம், பாலைக் கட்டிபடச் செய்யக்கூடியது. கையுறைத் தொழிற்சாலைகளில் பாலை உறையவைக்கக் கல்சியம் உப்பையே பயன்படுத்துகிறார்கள். மழைத் தண்ணீரோ, மோட்டார் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரோ பாதுகாப்பானது. காற்றைப் பொறுத்தவரை, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பால் விரைவாக உலரும், ஆனால் தூசி வந்து ஒட்டும். அறைக் கதவை அடைத்து விசிறியைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொட்டுச் செதிலுக்கு நான் சொன்ன ஒரு பகல் ஓர் இரவு போதாது. இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நடிகரிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இறப்பர்ப் பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது. சிலருக்கு அது மூச்சுத் திணறல்வரை போகும். பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா, கையுறை போட்டால் கை சொறிகிறதா என்று கேளுங்கள். வாழைப்பழம், பப்பாப்பழம், ஆனைக்கொய்யா சாப்பிட்டால் வாயில் அரிப்பெடுப்பவர்களுக்கும் இந்த ஒவ்வாமை சேர்ந்து இருக்கக்கூடும். இவற்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்பவருக்கு லேற்றெக்ஸ் வேடமே வேண்டாம். எந்தச் செதிலும் ஒருவரின் மூச்சுக்கு ஈடாகாது. இல்லை என்பவர்களுக்கும், ஒருநாள் முன்னதாக முன்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு துளி பூசிப் பார்க்கவேண்டும். பால் கெடாமலிருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள். அது கண்ணை எரிக்கும், ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள். ஈரப் பாலைத் தலைமயிரிலோ புருவத்திலோ எக்காரணத்தைக் கொண்டும் தொடவிடக்கூடாது. உலர்ந்தபின் மயிரோடுதான் வரும். சிறு பிள்ளைகளுக்கு இந்த வேடம் கேட்டு வரும் ஆசிரியர்களுக்கு, துணித் தொப்பியில் நிறம் பூசித் தருகிறேன் என்றே நான் சொல்லிவருகிறேன்.

இப்போது தெரிவுக்கு வருவோம். மேடை மட்டும் என்றால் உச்சியில் அச்சுத் தகடுகள், பக்கங்களிலும் பிடரியிலும் மீன்வலை நிறம் என்பதே என் தீர்ப்பு. வீரசிங்கம் மண்டபத்திலோ கைலாசபதி கலையரங்கிலோ நடுவரிசையில் இருப்பவருக்கு 6 மில்லிமீற்றர்ச் சொட்டு தெரியாது. 1,600 சொட்டு வைத்த உழைப்பு அவர் கண்ணுக்கு எட்டாமலே போகும். ஒன்றரை அங்குலத் தகடும் அதன் கீழ் விழும் நிழலும் தெரியும். குறும்படம் மட்டும் என்றால், தகடுகளுக்கு வெளியே நெற்றி விளிம்பு, காதோரம், கன்னத்தின் மேற்பகுதி ஆகியவை எல்லாம் சொட்டாகவே இருக்கவேண்டும். மாணவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டதால், தொப்பியை ஒன்றாகவே செய்து, மேடைக்குத் தகடும் வலையுமாகக் கொடுத்தோம். இடையில் கிடைத்த ஒரு மாதத்தில், வலை நிறத்தின் சாய்சதுரங்களையே வழிகாட்டியாக வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சொட்டாக வைத்துக்கொண்டு போனோம். முதலில் சொட்டு வைத்துவிட்டு அதன் மேல் வலையை இழுத்துப் பூசமுடியாது. எனவே இந்த வரிசை மாறக்கூடாது.

விளிம்பு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. தொப்பியின் ஓரத்தில் இரண்டு விரலளவு இடத்தைச் செதிலில்லாமல் வெறுமையாக விடவேண்டும், இல்லாவிட்டால் அது நெற்றியில் படிந்து ஒட்டாது. ஒட்டியபின் அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கு, கண்ணாடித் துண்டொன்றில் முன்கூட்டியே சொட்டுகளை வைத்து உலர்த்தி, மாப்பூசி உரித்து எடுத்து வைத்திருந்தோம். அவற்றை ஒப்பனைப் பசையால் ஒவ்வொன்றாக, பாதி தொப்பியிலும் பாதி தோலிலுமாக, விளிம்புக் கோட்டைக் குறுக்கே கடந்து போகும்படி ஒட்டினோம். அந்தக் கோடு எங்கே போனதென்று பின்னர் எனக்கே தேடவேண்டியிருந்தது. தேங்காயெண்ணெய் வைத்துப் பழகிய தலை என்றால் முதல்நாளே முழுகிவிட்டு வரச் சொல்லுங்கள். நெற்றியில் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் அரை மணித்தியாலம் தாங்காது.

நிறத்துக்கு வெறும் அக்ரிலிக் பூச்சு போதாது, தொப்பி இழுபட்டவுடன் வெடிக்கும். அக்ரிலிக்கோடு, தோலில் ஒட்டும் ஒப்பனைப் பசையான புரோஸ்-எயிட்டைக் கலந்து பூசும் முறையை அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தொப்பியோடு சேர்ந்து இழுபடுவது அதுதான். முதலில் முழுவதும் கடும் மண்ணிறம், இடைவெளிகளுக்குள் இன்னும் கறுப்பு, பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் செதில்களின் முதுகை மட்டும் தொட்டுச் செல்லும் கோதுமை நிறம். பச்சை வேண்டுமென்று மாணவர்கள் கேட்டார்கள்; நாகம் பச்சையல்ல என்று சொல்லி மறுத்துவிட்டேன். மேலதிகப் பளபளப்புக்குக் களிம்பு பூசுவதானால், ஆமணக்கெண்ணெயில் செய்த இறப்பர் ஒப்பனைக் களிம்பையே பூசவேண்டும். கனிய எண்ணெய் சேர்ந்த சாதாரணக் களிம்பில் இறப்பர் ஊறி இளகிவிடும்.

முதல் இரவு முடிந்து கழற்றியவுடன், தொப்பியின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்தபின் உள்ளும் புறமும் மாப்பூசி, கடதாசியைச் சுருட்டி உள்ளே அடைத்து, வெயில் படாத பெட்டியில் வைத்தோம். மறுநாள் மாலை மாட்டுவதற்கு முன் அறையை இருட்டாக்கி, தொப்பிக்குள் ரோச் லைற்றைப் பிடித்துப் பார்த்தேன். செதில்கள் கறுப்பாகவும் இடைவெளிகள் செம்மஞ்சள் வலையாகவும் தெரிந்தன. இடது காதுக்கு மேலே இரண்டு இடங்களில் மட்டும் வெளிச்சம் ஊசிமுனைபோல நேராக வெளியே வந்தது. அந்த இரண்டு புள்ளிகளிலும் உட்புறத்தால் ஐதான பாலை இரண்டு படலம் தடவி, விசிறியின் முன் உலர்த்தி, மாப்பூசி நடிகரிடம் கொடுத்தேன்.